பதினேழாவது கேள்விக்கு ஓம்

தேர்தல் அறிவித்த கையோடு ஜெர்மனியில் விளக்குக் கம்பங்களில் முகங்கள் ஏறிவிடும். அடுத்த வாரம் அட்டவணைகள் வந்துவிடும். எந்த வேட்பாளர் எதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக நிறம் தீட்டி, பத்திரிகையோடு இலவசமாகக் கொடுப்பார்கள். சனங்கள் அதை அக்கறையாகப் பார்த்துவிட்டு, போன தடவை யாருக்குப் போட்டார்களோ அவருக்கே போடுவார்கள். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. அட்டவணை போடுகிறவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.

2005ஆம் ஆண்டு தேர்தல் ஒரு வருடம் முந்திக்கொண்டு வந்தபோது கெல்சென்கிர்ச்சனில் முளைத்த ஒரு நிலையத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம். 'வேட்பாளர்களின் அறிவியல், தொழில்நுட்ப நிலைப்பாடுகளை ஒப்பிட்டு அறிவிக்கும் நிலையம்' என்பது அதன் பெயர். பெயரைச் சுருக்கிச் சொன்னால் தொலைபேசியை எடுக்கும் பெண் முழுதாகச் சொல்லித் திருத்திவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் பழைய அலுவலகத்தில் அது இருந்தது. அணு உலைகளை மூடலாமா, மரபணு மாற்றிய சோளத்தை விதைக்கலாமா, காந்தத்தில் ஓடும் ரயிலுக்குப் பணம் ஒதுக்கலாமா என்றெல்லாம் தொகுதியின் நான்கு வேட்பாளர்களிடமும் கேட்டு, ஒப்பிட்டு, வாக்காளருக்குச் சொல்ல வேண்டியது அதன் பொறுப்பு.

தொடங்கிய சில நாட்களிலேயே சிக்கல் வந்துவிட்டது. வேட்பாளர்கள் திங்கட்கிழமை சொன்னதை வியாழக்கிழமை சொல்வதில்லை. எதிரே இருப்பவர் விவசாயியா ஆலை முதலாளியா என்று பார்த்து, சோளத்தைப் பற்றி ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். அட்டவணையை அச்சடித்து மை காய்வதற்குள் அது பழசாகிவிடும். நிலையத்தின் இயக்குநர் டாக்டர் பிரிங்க்மன் தம் ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"அசைகிற ஒன்றை அசைகிற இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. நமக்கு அசையாத ஒரு ஆள் வேண்டும். அவருடைய கருத்து சரியா, பிழையா, அவருக்கு அதைப் பற்றி ஏதாவது தெரியுமா என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை. மீட்டர் கோலிடம் யாரும் அதன் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை. நாளைக்கும் அதே நீளம் இருந்தால் போதும்."

அசையாத ஆளைத் தேடி நகரத்தில் பலருக்குக் கடிதம் போனது. அவற்றில் ஒன்று சோதிலிங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சோதிலிங்கம் பாண் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பல வருடம் இன்று அனுப்புவார்களோ நாளை அனுப்புவார்களோ என்று பெட்டியைக் கட்டிவைத்திருந்து, ஒரு வழியாக அந்த வசந்தத்தில்தான் ஜெர்மன் குடியுரிமை எடுத்திருந்தார். மனைவி சுந்தரேஸ்வரியும் மகள் கஜந்தியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். போர் நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு அங்கே வந்தவர்கள், விசாவுக்கு அன்றாக், அதாவது விண்ணப்பம், போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த இருவரையும் விமான நிலையத்தில் பார்ப்பதைத் தவிர சோதிலிங்கத்துக்கு இந்தப் பூமியில் வேறு ஆசை கிடையாது.

கஜந்தி அவர் பெற்ற பிள்ளை அல்ல. அவருடைய அண்ணன் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டு ஒரே ஷெல்லில் அண்ணனும் அண்ணியும் போய்விட, ஏணையில் கிடந்த பிள்ளையைச் சுந்தரேஸ்வரி தூக்கினாள். பிறகு இறக்கிவைக்கவில்லை. அடுத்த வருடம் சோதிலிங்கம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்து, அகதி விசாரணையில், பிள்ளைகள் உண்டா என்று கேட்டபோது, "ஓம், ஒரு மகள்" என்றார். அது அவருக்குப் பொய்யாகப் படவில்லை. எங்கள் முறையில் அண்ணன் மகளும் மகள்தான், அவளைக் கூப்பிட வேறு சொல் எங்களிடம் இல்லை. கஜந்திக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துதான் அவரை அப்பா என்கிறாள்.

அகதி விசாரணைக்குப் போன எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாகும்வரைக்கும் போகாது. அதிகாரி எதைக் கேட்டாலும், முன்பு என்ன சொன்னோமோ அதையே அசையாமல் சொல்வது. முதல் விசாரணையில் ஆமிக்காரர் பச்சை லொறியில் வந்தார்கள் என்று சொல்லிவிட்டால், ஐந்து வருடம் கழித்து அது நீல லொறி என்று ஞாபகம் வந்தாலும் பச்சை லொறிதான். எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியது அவர்கள் பொய் சொன்னதால் அல்ல, இரண்டாம் தடவை கொஞ்சம் நன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னதால். அதனால் தெரியாது என்று சொல்லக் கூடாது, முடிந்தவரை இல்லை என்றும் சொல்லக் கூடாது, சொன்னதை மாற்றவே கூடாது. அரசாங்க முத்திரை குத்திய கடிதத்தைக் கண்டதும் சோதிலிங்கம் சவரம் செய்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே போய் வாசலில் நின்றார்.

நிலையத்தில் அவருக்கு மொழிபெயர்க்க முகுந்த் என்ற இளைஞர் இருந்தார். திருச்சிக்காரர். கார்ல்ஸ்ரூஹேயில் படித்துவிட்டு, ஒப்பிடும் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுத வந்தவர். சோதிலிங்கத்துக்கு ஜெர்மன் நன்றாகவே தெரியும், ஆனால் கருத்தைத் தாய்மொழியில்தான் அளக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் அந்த வேலையும் முகுந்தின் தலையில் விழுந்தது.

"பயப்படாதீங்க சார். சும்மா ஒரு சர்வே. இதுல ரைட் ஆன்சர், ராங் ஆன்சர்னு எதுவும் கிடையாது" என்றார் முகுந்த்.

அன்றைக்கு அகதி விசாரணையிலும் அந்த அதிகாரி தொடங்கும்போது இதையேதான் சொன்னார்.

"அணு மின்சாரம் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்?"

"ஓம். சட்டப்படி ஒழுங்கா நடந்தால் நல்லது."

"மரபணு மாத்தின சோளம்?"

"ஓம். சட்டப்படி ஒழுங்கா நடந்தால் நல்லது."

காந்த ரயிலும் சட்டப்படி ஒழுங்காக நடந்தால் நல்லது. கருவிலிருந்து எடுத்த செல்லில் செய்யும் ஆராய்ச்சியும், கடவுச்சீட்டில் விரல் அடையாளம் வைப்பதும் அப்படியே. விரல் அடையாளம் என்று கேட்டதும் அவர் பழக்க தோஷத்தில் வலது கையை மேசைமேல் வைத்துவிட்டார், முகுந்த் சிரித்துக்கொண்டு வேண்டாம் என்றார். அப்படியே பதினேழாவது கேள்வி வந்தது. குடும்பத்தோடு சேர்ந்து வாழ வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், ஆவணங்கள் இருந்தாலும், தங்கள் உறவை மரபணுச் சோதனை மூலம் நிரூபிக்க வேண்டுமா?

சோதிலிங்கம் தண்ணீர் குடித்தார். வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். ஒளிக்க ஏதாவது இருக்கிறவன்தான் வேண்டாம் என்பான்.

"ஓம்" என்றார். "சட்டப்படி ஒழுங்கா நடந்தால் நல்லது."

இரண்டு கிழமை கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். கேள்விகளைத் தலைகீழாக அடுக்கி, வேறு ஆளை எதிரே உட்காரவைத்துக் கேட்டார்கள். இது அவருக்குத் தெரிந்த தந்திரம். ஒரு சொல்கூட மாறாமல் சொன்னார். மூன்றாம் தடவை நடுவில் கேள்வியை நிறுத்தி, தேநீர் கொடுத்து, ஊரைப் பற்றிக் கதைத்து, திடீரென்று சோளத்துக்குத் திரும்பினார்கள். சோளத்தைப் பற்றிய அவருடைய கருத்தில் தூசு விழவில்லை.

நிலையம் மகிழ்ச்சியில் துள்ளியது. அழைக்கப்பட்ட மற்ற எல்லோரும் ஏதோ ஓர் இடத்தில் மாறியிருந்தார்கள். டார்ம்ஸ்டாட்டில் இயற்பியல் படிப்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில் நான்கு பதில்களை மாற்றியிருந்தார். காரணம் கேட்டதற்கு, இடையில் அதைப் பற்றி வாசித்தேன் என்றாராம். அவரை நீக்கிவிட்டு, 'வாசிப்பால் பழுதடைந்தவர்' என்று குறித்துவைத்தார்கள். சோதிலிங்கம் அளவுகோல் குடிமகனாக அறிவிக்கப்பட்டார்.

அளவுகோலைப் பாதுகாக்க வேண்டாமா? வீட்டுக்குப் பத்திரிகை வருவது நின்றது. தொலைக்காட்சிப் பெட்டியை இரண்டு பேர் வந்து பணிவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொழிற்சாலையில் அவரோடு அரசியலோ அறிவியலோ கதைக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். மழை அறிவியலா இல்லையா என்று தெளிவாகச் சொல்லாததால், கூட வேலை செய்தவர்கள் அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டார்கள். பழுப்பு மேலங்கி போட்ட ஒருவர் தொழிற்சாலை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நின்றார். எங்காவது சனங்கள் பதாகையோடு வந்தால், அவர் சோதிலிங்கத்தின் முழங்கையைப் பிடித்து அடுத்த தெருவால் கூட்டிக்கொண்டு போவார். பிடி மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் விடமாட்டார்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவரை அளந்தார்கள். உட்கார அதே கதிரை, அறையில் அதே வெப்பநிலை. சளிக்கு மாத்திரை போட்டால்கூட முதலில் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

பிறகு வேட்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். நான்கு பேர். ஒரு பல் வைத்தியர், ஒரு சுரங்கத் தொழிற்சங்கக்காரர், சூரிய மின் தகடு விற்கும் ஓர் அம்மையார், ஓர் இளம் வக்கீல். நால்வரையும் சோதிலிங்கத்தோடு ஒப்பிட்டு, யார் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று வாராவாரம் வெளியிட்டார்கள். விலகல் குறைந்தவர் சாதாரண மக்களுக்கு நெருக்கமானவர் என்று பத்திரிகைகள் எழுதின. அணு உலைக்கு எதிராக இருபது வருடம் ரோட்டில் உட்கார்ந்த சூரியத் தகடு அம்மையாருக்கு முதல் வாரம் சிவப்பு விழுந்தது. அவர் நிலையத்துக்கு வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சோதிலிங்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தார். அடுத்த வாரம், அணு உலையும் சட்டப்படி ஒழுங்காக நடந்தால் நல்லதுதான் என்று அறிக்கை விட்டார்.

இலையுதிர்காலம் நெருங்கியபோது அட்டவணை முழுக்கப் பச்சையாகிவிட்டது. டாக்டர் பிரிங்க்மன் செய்தியாளர்களிடம் பெருமையோடு சொன்னார்.

"இந்த நாட்டின் வரலாற்றில் வேட்பாளர்களை இவ்வளவு தெளிவாக யாரும் ஒப்பிட்டதில்லை. அவர்களுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை என்பது எங்கள் முறையால் நிரூபணமாகியிருக்கிறது. வாக்காளர் இனிக் குழம்ப வேண்டியதில்லை."

இதுவரைக்கும் சோதிலிங்கத்துக்கு இது கஷ்டமாக இருந்தாலும் ஒரு பக்கம் நம்பிக்கையாகவும் இருந்தது. பெரிய இடத்தில் பேர் நல்லபடியாக இருந்தால் விசா கெதியாக வரும் என்று நினைத்தார். சனிக்கிழமைகளில் தொலைபேசி அட்டை வாங்கி வெள்ளவத்தைக்கு எடுப்பார். கஜந்தி கசெற் போட்டுப் படித்த ஜெர்மனில் தன் பெயரையும் வயதையும் பிடித்த சாப்பாட்டையும் ஒப்புவிப்பாள். பிறகு சுந்தரேஸ்வரி வாங்குவாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட சொல்லைக் கேட்டோ அவையள் எல்லாரும் நடக்கினம்?"

"அப்பிடித்தான் சொல்லினம்."

"நான் ஒரு நாளும் கேக்கேல்லையே" என்று சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை அவள் சிரிக்கவில்லை.

"விசாக் கந்தோரில இருந்து கடிதம் வந்திருக்கு. என்ர வாயிலயும் பிள்ளையின்ர வாயிலயும் எச்சில் எடுக்க வேணுமாம். உங்களிட்டயும் அங்க எடுப்பினமாம். மூண்டு பேரும் சொந்தமோ எண்டு பாக்கவாம்."

"ஆர் சொன்னது?"

"புதுத் திட்டமாம். எல்லா வேட்பாளரும் சம்மதிச்ச விஷயத்துக்கு ஏன் தேர்தல் மட்டும் காத்திருக்க வேணும் எண்டு இப்பவே தொடங்கீட்டினமாம். உங்கட பேருக்கு மரியாதையா எங்கட குடும்பத்தைத்தான் முதலாவதாப் போட்டிருக்கினமாம்." பிறகு கேட்டாள். "உங்களிட்ட இதைப் பற்றிக் கேட்டவையோ?"

"கேட்டவை."

"என்ன சொன்னீங்கள்?"

அட்டையில் காசு முடியும் சத்தம் கேட்டது. தன் வாயால் சொன்ன ஒரு ஓம் நாடு முழுக்கச் சுற்றிப்போய்த் தன் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லுகிறது என்று சோதிலிங்கத்துக்கு விளங்கியது.

திங்கட்கிழமை அளக்கும் நாள் இல்லாதபோதும் நிலையத்துக்குப் போய் முகுந்தைக் கண்டார்.

"தம்பி, எனக்கு ஒரு பதிலை மாத்த வேணும்."

முகுந்த் கதவைச் சாத்தினார். "சார், ப்ளீஸ், மெதுவா பேசுங்க. மாத்துறதுக்கு புரோகிராம்ல ஆப்ஷனே இல்ல. நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியும். உங்க பதில்ல கை வச்சா மொத்த டேபிளும் செவப்பாயிடும்."

"ஒரு கேள்விதான், தம்பி."

"ஒரு கேள்வினாலும் டைரக்டர்கிட்டதான் கேக்கணும். வேணாம்னு தோணுது எனக்கு."

டாக்டர் பிரிங்க்மன் அன்பாகத்தான் கேட்டார். தம் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"ஹெர் சோதிலிங்கம், நீங்கள் ஒரு குடிமகன், உங்களுக்கு எந்தக் கருத்தையும் வைத்திருக்கும் உரிமை உண்டு. ஆனால் நீங்கள் அளவுகோலும்கூட. மீட்டர் கோல் ஒரு நாள் காலையில் எழும்பி, நான் இன்றைக்குக் கொஞ்சம் குட்டையாக இருக்கிறேன் என்று சொன்னால், உலகத்தில் உள்ள துணிக்கடைகள் எல்லாம் என்னாவது? எந்தக் கேள்வியை மாற்ற விரும்புகிறீர்கள்?"

"பதினேழு" என்றார் சோதிலிங்கம்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சோளம் அப்படியே இருக்கலாம். ரயிலும் இருக்கலாம். பதினேழு மட்டும்."

"ஓம்."

"சுவாரசியம்" என்றார் டாக்டர் பிரிங்க்மன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையோரத்தில் கிடந்த தாளில் ஏதோ குறித்தார். பிறகு, இது களைப்பால் வருவது, நீண்ட உழைப்பால் கருவிகள் தளர்வது இயல்பு என்று சொல்லி, நிலையத்தின் செலவில் ஒரு கிழமை ஓய்வெடுக்க வெந்நீர் ஊற்று இருக்கும் ஓர் ஊருக்கு அனுப்பினார். அங்கே சோதிலிங்கத்தைக் காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கரையில் நின்று பதினேழாவது கேள்வியைக் கேட்டார்கள். மூக்கால் தண்ணீர் போன ஒரு தடவை அவர் ஏதோ முனகினார். அதை ஓம் என்று எழுதிக்கொண்டு, குணமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அங்கேயே கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி எச்சிலும் எடுத்துவிட்டார்கள்.

வந்ததும் சுந்தரேஸ்வரிக்கு எடுத்தார்.

"எங்கட எச்சிலையும் எடுத்திட்டினம்" என்றாள் அவள். "அடுத்த கிழமை முடிவு வருமாம். தெரியப்போற விஷயம்தானே. அவையள் கண்டுபிடிக்க முந்தி நீங்கள் உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. நாங்கள் களவெடுத்த பிள்ளையே? தாய் தேப்பன் இல்லாததை வளத்திருக்கிறம். மனுசர் எண்டால் விளங்கும்."

"மாத்திக் கதைச்சால் ஒண்டையும் நம்பமாட்டாங்களப்பா."

"அது அகதியாய் இருக்கேக்கை. இப்ப நீங்கள் சொல்லுறதைத்தானே நாலு பேரும் சொல்லினம்? நீங்கள் வேண்டாமெண்டால் அவையளும் வேண்டாமெண்டுவினம்."

சோதிலிங்கம் இரண்டு நாள் இதையே யோசித்தார். எங்கே சுற்றினாலும் அவள் சொன்னதில் வந்து நின்றது. இருபது வருடம் ரோட்டில் உட்கார்ந்த அம்மையாரே அவருடைய ஒரு ஓமுக்கு எழும்பி வந்துவிட்டார். இல்லை என்ற சொல்லுக்கு மட்டும் பலம் இல்லாமலா போகும்? வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்னதை மாற்றிச் சொல்லுவது என்று முடிவு செய்தார்.

தேர்தலுக்கு முந்திய வியாழக்கிழமை நகர மண்டபத்தில் இறுதி ஒப்பீட்டு விழா நடந்தது. கால்பந்து ஆட்டத்துக்குப் போவதுபோல நீல வெள்ளைச் சால்வை கட்டிக்கொண்டும் பலர் வந்திருந்தார்கள். மேடையில் நான்கு வேட்பாளர்கள். நடுவில், சற்று உயரமான பீடத்தில், சோதிலிங்கத்தின் செவ்வாய்க்கிழமைக் கதிரை. அவருக்குப் பக்கத்தில் முகுந்த் ஒலிவாங்கியோடு நின்றார்.

நால்வரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனதால், யார் அதிகம் ஒத்துப்போகிறார் என்பதுதான் போட்டி. பல் வைத்தியர் பதினேழாவது கேள்வியைத் தாம் முதல் நாளிலிருந்தே ஆதரித்ததாகச் சொன்னார். வக்கீல், தாம் அதற்கு முதல் நாளிலிருந்தே ஆதரித்ததாகச் சொன்னார். தொழிற்சங்கக்காரர் எழுந்தார்.

"ரத்தம் பொய் சொல்லாது, நண்பர்களே. காகிதம் பொய் சொல்லும், அழுகிற தாய் பொய் சொல்லுவாள், படம் பொய் சொல்லும். நாங்கள் யாரையும் சந்தேகிக்கவில்லை. சந்தேகமே வராத அளவுக்கு எல்லோரையும் சோதிக்கிறோம், அவ்வளவுதான்."

கைதட்டல் அடங்கியதும் டாக்டர் பிரிங்க்மன் பீடத்தின் பக்கம் திரும்பினார்.

"இனி அளவுகோலைச் சரிபார்ப்போம். பதினேழாவது கேள்வி."

முகுந்த் கேள்வியைத் தமிழில் வாசித்தார்.

"இல்லை" என்றார் சோதிலிங்கம்.

முகுந்த் ஒலிவாங்கியைக் கையால் மூடினார். "அண்ணே, யோசிங்க. நான் டிரான்ஸ்லேட் பண்ணிட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது."

"சொல்லுங்கோ தம்பி. நான் சொல்லுறது முழுக்கச் சொல்லுங்கோ." சோதிலிங்கம் எழுந்து நின்றார். "கஜந்தி நான் பெத்த பிள்ளை இல்லை. என்ர அண்ணற்ற பிள்ளை. அவரும் மனுசியும் செத்துப்போச்சினம். நாங்கள்தான் வளத்தது. அவளுக்கு என்னைத் தவிர வேற அப்பா இல்லை. எச்சிலில என்ன இருந்தாலும் அவள் என்ர பிள்ளை. இதை எப்பிடிச் சோதிக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதாலதான் சொல்லுறன், இந்தச் சோதனை வேண்டாம்."

முகுந்த் ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னார். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில் நான்கு வேட்பாளர்களும் ஒரே நேரத்தில் தங்கள் தாள்களைப் பார்த்தார்கள். சூரியத் தகடு அம்மையார் மெல்ல எழும்பி, "நானும்கூட எப்போதுமே..." என்று தொடங்கினார். வருகிறார்கள், என் பக்கம் வருகிறார்கள் என்று சோதிலிங்கம் நினைத்தார்.

டாக்டர் பிரிங்க்மன் கையை உயர்த்தினார். அம்மையார் பாதி எழும்பியபடியே நின்றார்.

"பொறுங்கள். யாரும் நிலைப்பாட்டை மாற்ற வேண்டாம்" என்றார் இயக்குநர். குரலில் கோபம் இல்லை, ஒரு வகைத் துக்கம்கூட இருந்தது. "கருவி பழுதடைந்துவிட்டது. இதை நாங்கள் முன்பே கவனித்து, வேறு ஒன்று தயாராக வைத்திருக்கிறோம். மக்களே, எங்கள் நிலையம் குடிமகனின் பேச்சைக் கேட்பதற்காக ஏற்படுத்தப்பட்டதல்ல. அதற்குத் தேர்தல் இருக்கிறது. மாறாமல் இருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் மாறாமல் இருக்கும்வரை அவரை மதிப்பதுதான் எங்கள் பணி."

திரைக்குப் பின்னாலிருந்து வயதான ஒரு மனிதரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதம் வந்து சில வருடங்களாக ஒரே ஒரு சொல்தான் சொல்லுவாராம். பதினேழாவது கேள்வியைக் கேட்டார்கள். "யா" என்றார், அது ஜெர்மன் ஓம். சோளத்துக்கும் யா. அம்மையார் உட்கார்ந்தார். அட்டவணை பச்சையாகவே இருந்தது. கைதட்டல் நீண்டநேரம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பழுப்பு மேலங்கிக்காரர் சோதிலிங்கத்தின் முழங்கையைப் பிடித்துப் பின்வாசலால் கூட்டிப்போனார். முகுந்த் ஒலிவாங்கியை நாற்காலிக்கு அருகில் வைத்துவிட்டு, தம் மேலங்கியையும் எடுக்காமல் வெளியே போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்த நிலையத்துக்கு வேலைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை சோதிலிங்கம் எடுக்குமுன் சுந்தரேஸ்வரியே எடுத்தாள்.

"நேற்று அவசரமாக் கூப்பிட்டு விசாரிச்சவங்கள்" என்றாள். "பிள்ளையைத் தனிய ஒரு அறையில வைச்சு. நீங்கள் அங்க சொன்னதை அச்சடிச்சு அவளுக்குக் காட்டினவங்களாம். உன்ர அப்பாவே நீ மகள் இல்லை எண்டு சொல்லிப்போட்டார், இப்ப சொல்லு, உன்ர அப்பா ஆர் எண்டு."

"என்ன சொன்னவள்?"

"உங்கட பேரைச் சொன்னவள். திருப்பிக் கேட்டவங்கள். திருப்பியும் உங்கட பேர். வேற ஆளை விட்டுக் கேட்டவங்கள், தண்ணி குடுத்துக் கேட்டவங்கள். ஒரு சொல்லும் மாத்தேல்லையாம். அதுதான் பிழையாம், இஞ்சாருங்கோ. உண்மை சொல்லுற பிள்ளை ஒவ்வொரு தரமும் கொஞ்சமாவது மாத்திச் சொல்லுமாம். இது ஆரோ பழக்கிவிட்ட பிள்ளையாம். தகப்பனும் இப்பிடி அசையாமல் சொல்லித்தான் ஒரு நிலையத்தையே ஏமாத்தினவர் எண்டு எழுதியிருக்கினம். விசா இல்லையாம். இனிப் போடவும் ஏலாதாம்."

தெருவில் வேட்பாளர்களின் வாகனம் ஒன்று பாட்டுப் போட்டபடி போனது. மறுமுனையில் தொலைபேசி கைமாறும் சத்தம் கேட்டது.

"அப்பா" என்றாள் கஜந்தி. "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டேனோ?"

சோதிலிங்கம் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"இல்லை மகள். சரியாத்தான் சொன்னனீ" என்றார். "இன்னொருக்காக் கேட்டாலும் அதையே சொல்லு."